இருப்பது போதும் என்ற மனம் எங்கிருந்து வருகிறது? கிறிஸ்தவ மனநிறைவு பற்றி ஓர் எளிய விளக்கம்

கொழும்பில் எந்தத் தமிழ் ஆலயத்துக்குப் போனாலும், அது கத்தோலிக்கப் பூசையோ மெதடிஸ்ட் ஆராதனையோ வீட்டு ஜெபக்கூட்டமோ, ஒரு கருத்து அடிக்கடி காதில் விழும்: பொருள் நிறைவு தராது, கடவுளே நிறைவு. கேட்டுத் தலையாட்டிவிட்டு வெளியே வருவோம். திங்கட்கிழமை விடிந்தால் பிள்ளையின் டியூஷன் காசு, வீட்டு வாடகை, லீசிங் தவணை, கனடாவில் தம்பி வாங்கிய புது வீட்டின் படம் என்று மனசு வேறு பக்கம் போய்விடும். இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி நம்மில் பலரை உறுத்துகிறது. "நான் நல்ல கிறிஸ்தவன் இல்லையோ" என்று சிலர் தங்களையே குற்றம் சொல்கிறார்கள். "இதெல்லாம் பிரசங்கத்துக்குத்தான் சரி" என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டுக்கும் முன்பு, அந்தக் கருத்து உண்மையில் என்ன சொல்கிறது என்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

இப்போதுதான் ஆலயத்துக்குப் போகத் தொடங்கியவர்கள், சின்ன வயதிலிருந்து போயும் இதைப் பற்றி உட்கார்ந்து யோசிக்காதவர்கள், கிறிஸ்தவ நண்பர் ஏன் இப்படிக் கதைக்கிறார் என்று விளங்காத மற்ற மதத்து நண்பர்கள், எல்லோரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். வசனங்களைப் பழைய தமிழ் வேதாகமத்தின் நடையில் தருகிறேன். கத்தோலிக்கரிடம் இருக்கும் திருவிவிலியத்தில் சொற்கள் கொஞ்சம் மாறியிருக்கும், கருத்து மாறாது.

"போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். ஆசையைக் குறைத்தால் அமைதி வரும் என்பது அதன் சாரம். நம் அயலவர்களான பௌத்தர்களும் துக்கத்தின் வேர் ஆசையே என்று கற்கிறார்கள். அதை வாழ்ந்துகாட்டும் மனிதர்களை நான் மதிக்கிறேன். கிறிஸ்தவமும் இதோடு கொஞ்சத் தூரம் சேர்ந்தே நடக்கிறது. பத்துக் கட்டளைகளில் கடைசிக் கட்டளையே, பிறனுடைய வீட்டையும் அவனுக்குரிய எதையும் இச்சிக்காதே என்பதுதான். அதற்கு அப்புறம் பாதை கொஞ்சம் பிரிகிறது. ஆசையை அணைத்துவிடு என்று கிறிஸ்தவம் சொல்வதில்லை. மனிதனுக்குள் இருக்கும் பெரிய தாகம் கடவுளுக்காகவே வைக்கப்பட்டது, அதைப் பொருளால் தீர்க்கப் போனால் தீராது என்கிறது. 23ஆம் சங்கீதம் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று தொடங்குகிறது. முதலில் மேய்ப்பர் வருகிறார், குறைவில்லை என்ற பேச்சு அவருக்குப் பிறகுதான் வருகிறது. ஆடு புல்லை எண்ணிப் பார்த்துவிட்டு அந்தப் பாட்டைப் பாடவில்லை.

ஆகவே, கிறிஸ்தவ மனநிறைவு என்றால் என்னவென்று புதிதாகக் கேட்பவருக்கு நான் இப்படிச் சொல்வேன்: என்னைப் படைத்தவர் என்னோடு இருக்கிறார், என்னைக் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கையிலிருந்து வரும் அமைதி. கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, கூட யார் இருக்கிறார் என்பதில் அது நிற்கிறது. பொருள் கூடும், குறையும். அந்த அமைதிக்கு வேர் வேறிடத்தில் இருக்கிறது. சரி, இதை வாழ்ந்தவர்கள் யார்?

சிறையிலிருந்து வந்த ஒரு கடிதம்

இந்தப் பொருளைப் பற்றிக் கதைக்கும் எவரும், இயேசுவின் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோன பவுல் அப்போஸ்தலர் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதிய நிருபத்துக்கு, அதாவது கடிதத்துக்கு, வந்தே ஆகவேண்டும். அதை எழுதும்போது பவுல் காவலில் இருந்தார். ரோமாபுரியில் இருந்து எழுதினார் என்பது பழைய மரபு. அந்தக் காலத்துச் சிறை இன்றைய சிறை மாதிரி இல்லை. சாப்பாட்டுக்கும் உடைக்கும் கைதி பெரும்பாலும் வெளியில் இருக்கும் சொந்தக்காரரையும் நண்பர்களையும்தான் நம்பியிருக்க வேண்டும். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவரிடம் உதவி கொடுத்தனுப்பினார்கள். அவர் வந்த இடத்தில் சாகும் அளவுக்கு நோயில் விழுந்து, தப்பிப் பிழைத்தார். அந்த உதவிக்கு நன்றி சொல்லும் இடத்தில்தான் பவுல் இப்படி எழுதுகிறார்: "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன். தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்."

இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம், அந்த மனரம்மியத்தை, அதாவது மனநிறைவை, அவர் கற்றுக்கொண்டார் என்பது. ஞானஸ்நானம் எடுத்த அன்றே அவருக்கு இந்த மனம் வந்துவிடவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் தான் பட்டதையெல்லாம் அவரே வரிசையாகச் சொல்கிறார்: ஒன்று குறைய 40 அடியாக 5 தரம், கப்பற்சேதம் 3 தரம், பசி, தாகம், குளிர், உடுக்க இல்லாமை. அந்த ஆண்டுகள்தான் அவருடைய வகுப்பறை. ஆகவே "எனக்கு இன்னும் அந்த நிறைவு வரவில்லையே" என்று கவலைப்படும் ஒருவருக்கு நான் சொல்வது, பவுலுக்கே அது காலம் எடுத்தது. மனநிறைவு இல்லாமலிருப்பதை ஒரு விசுவாசக் குற்றமாக ஆக்கி, ஏற்கெனவே களைத்துப் போனவர்கள்மேல் இன்னொரு பாரத்தை ஏற்றக்கூடாது.

இரண்டாவது, வாழ்ந்திருக்கவும் தெரியும் என்கிறார். இல்லாமையில் பொறுமையாக இருப்பதைப் பற்றித்தான் நாம் அதிகம் கதைக்கிறோம். நிறைவாக இருக்கும்போது எப்படி இருப்பது என்பதும் கற்கவேண்டிய ஒன்றே. சம்பளம் இரட்டிப்பானதும் தேவைகளும் கூடவே இரட்டிப்பாகி, முன்பு இருந்த அதே பற்றாக்குறை பெரிய வீட்டுக்குள் குடிவந்துவிடுவதை கொழும்பில் எத்தனை குடும்பங்களில் பார்க்கிறோம். "பணப்பிரியன் பணத்தினால் திருப்தியடைவதில்லை" என்று பிரசங்கி புத்தகம் சொன்னது இதைத்தான்.

அடுத்த வசனம் எல்லோருக்கும் தெரியும். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." ஓட்டோவின் பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது, பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் பென்சில் பெட்டிக்குள் இருக்கிறது. பிள்ளைக்குத் தைரியம் தர அந்த வசனத்தைச் சொல்வதில் பிழையில்லை. ஆனால் அது எங்கே நிற்கிறது என்று பார்த்தால் அதன் அழகு இன்னும் கூடும். பசியோடு இருக்கவும் எனக்குப் பெலன் உண்டு, வயிறு நிறைந்திருக்கும்போது கடவுளை மறக்காமல் இருக்கவும் எனக்குப் பெலன் உண்டு என்பதே அங்கே அவர் சொல்வது. வெற்றி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த வசனம் அந்தப் பிள்ளைக்குப் பொய்யாகாது. பெறுபேறு நினைத்தபடி வராத பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னும் ஒன்று. எனக்கு ஒன்றும் தேவையில்லை என்று சொல்லி பவுல் அந்த உதவியைத் திருப்பி அனுப்பவில்லை. என் உபத்திரவத்தில் என்னோடு பங்குகொண்டீர்கள், நல்லது செய்தீர்கள் என்கிறார். நம் ஆட்களுக்கு வாங்குவது கஷ்டம். கஷ்டப்படுகிறேன் என்று வெளியில் தெரிந்துவிடுமோ என்று உதவியை மறுத்துவிட்டு அதை மனநிறைவு என்று எண்ணிக்கொள்வோம். அது கௌரவம். நிறைவான மனம் தலைகுனியாமல் கொடுக்கும், தலைகுனியாமல் வாங்கும்.

அந்தக் கடிதத்தை பிலிப்பியில் உட்கார்ந்து கேட்டவர்கள் யார் என்று நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் அந்தச் சபையின் தொடக்கம் இருக்கிறது. முதலில் லீதியாள் என்ற பெண். இரத்தாம்பரம், அதாவது விலை உயர்ந்த சாயத் துணி விற்கும் வியாபாரி. நம் ஊரில் என்றால் காலி வீதியில் பட்டுச் சேலைக் கடை வைத்திருப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பவுலையும் சீலாவையும் தொழுமரத்தில் மாட்டிவைத்த சிறைச்சாலைக்காரன். அடி வாங்கிய உடம்போடு நடுராத்திரியில் அவர்கள் பாடியதைக் கேட்ட இடம் அவனுடைய சிறை. கடையை மூடிவிட்டு வா என்று லீதியாளிடம் பவுல் சொல்லவில்லை. அவள் தன் வீட்டைத் திறந்துவிட்டாள், சபை அங்கே கூடியது. கிறிஸ்தவ மனநிறைவு வியாபாரத்துக்கு எதிரி இல்லை. பவுலே கூடாரம் தைத்துப் பிழைத்தவர்.

பேராசையா, பயமா?

பொருளாசை என்றாலே பேராசை என்று எடுத்துக்கொண்டுதான் பல பிரசங்கங்கள் நடக்கின்றன. கொழும்புத் தமிழரைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். நம்மில் பலர் பொருளை இறுக்கிப் பிடிப்பது பயத்தினால். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது.

1983 ஜூலையில் இந்த நகரத்தில் தமிழருடைய வீடுகளும் கடைகளும் எரிந்தன. பலர் உடுத்த உடுப்போடு முகாம்களுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி வடக்கே காங்கேசன்துறையில் இறங்கினார்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் போர் நெருங்கியபோது யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதி மக்கள் ஒரே இரவில் வீடுகளைப் பூட்டிவிட்டு நடந்தார்கள். அவர்களில் பலர் பிறகு வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்து லொட்ஜ் அறைகளில் தொடங்கி மறுபடி வாழ்க்கையைக் கட்டினார்கள். வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. தோடும் சங்கிலியும் கூட வரும். அவற்றை அடைவு வைத்தோ விற்றோ ஒரு பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ஆகவே ஓர் அம்மா நகைக் கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் மகளுக்கு இன்னும் இரண்டு பவுண் வாங்கி வைக்கவேண்டும் என்று நினைத்தால், அதை உடனே உலக ஆசை என்று முத்திரை குத்துவது அநியாயம். அவர் மனதில் ஓடுவது நெருப்பும் இருட்டும்.

இதே நிலையில் இருந்தவர்களுக்குத்தான் புதிய ஏற்பாட்டில் ஒரு கடிதம் எழுதப்பட்டிருக்கிறது. எபிரெயருக்கு எழுதிய நிருபம். எழுதியவர் பெயர் அதில் இல்லை. அதை வாசித்த மக்களைப் பற்றி 10ஆம் அதிகாரம் ஒரு செய்தி சொல்கிறது: அவர்களுடைய சொத்துகள் கொள்ளையிடப்பட்டன. விசுவாசத்தின் காரணமாக அவமானப்பட்டார்கள், சிறையில் இருந்தவர்களுக்குத் துணை நின்றார்கள், பொருளை இழந்தார்கள். அந்த மக்களுக்குத்தான் 13ஆம் அதிகாரத்தில் இந்த வார்த்தை வருகிறது: "நீங்கள் பண ஆசையில்லாதவர்களாய் நடந்து, உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள், நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை என்று அவர் சொல்லியிருக்கிறாரே."

இந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்தபோது எனக்கு இந்தப் பொருள் முழுவதும் வேறாகத் தெரிந்தது. சொகுசாக இருப்பவர் ஒருவர் ஏழைகளைப் பார்த்து 'போதும் என்று இருங்கள்' என்று சொன்ன அறிவுரை இல்லை இது. எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்களிடம், மறுபடி கொஞ்சம் சேர்க்கத் தொடங்கியபோது, அதை உயிரைப்போல் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியம் உனக்கு இல்லை என்று சொல்லும் ஆறுதல். காரணமும் அதே வசனத்தில் இருக்கிறது. எரிக்க முடியாத, பறிக்க முடியாத ஒருவர் கூட இருக்கிறார். "விலகுவதுமில்லை, கைவிடுவதுமில்லை" என்பது, மோசே இறக்கப்போகும் காலத்தில், யோர்தானைக் கடக்கப் பயந்து நின்ற மக்களுக்கும் யோசுவாவுக்கும் சொல்லப்பட்ட வாக்கு. அதை அப்படியே எடுத்து, வீடிழந்தவர்களுக்குத் தருகிறார் எழுதியவர்.

இழப்பு வலிக்கவில்லை என்று நடிக்கவேண்டும் என்பது இதற்கு அர்த்தமில்லை. வேதாகமத்தில் புலம்பல் என்று ஒரு முழுப் புத்தகமே இருக்கிறது. சங்கீதங்களில் பெரிய பங்கு அழுகைதான். ஆபகூக் தீர்க்கதரிசி, அத்திமரம் துளிர்க்காவிட்டாலும் தொழுவத்தில் மாடு இல்லாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று பாடினார், அதற்கு முன் முதல் அதிகாரத்தில் கடவுளிடம் "எதுவரைக்கும்?" "ஏன்?" என்று கேள்வி கேட்டிருக்கிறார். கேட்கவிட்டுத்தான் கடவுள் அவரைத் தேற்றுகிறார்.

2022இல் அந்தப் பயம் இன்னொரு உருவத்தில் வந்தது. பெற்றோலுக்கு வரிசை, காஸ் சிலிண்டருக்கு வரிசை, 13 மணி நேர மின்வெட்டு. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். வருஷக்கணக்காக வங்கியில் சேர்த்த காசு, யாரும் தொடாமலே, இருந்த இடத்தில் சுருங்கிப் போனது. பூமியில் பொக்கிஷங்களைச் சேர்த்துவைக்கவேண்டாம், பூச்சியும் துருவும் அவற்றைக் கெடுக்கும் என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதை, அந்த வருஷம் பாஸ்புக்கைத் திறந்து பார்த்த ஒவ்வொருவரும் கண்ணால் கண்டோம்.

மன்னாவும் சேமிப்பும்

அப்படியானால் சேமிக்கக்கூடாதா? இந்தக் கேள்வியைப் புதியவர்கள் கட்டாயம் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

யாத்திராகமம் 16இல் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் பசியில் முறுமுறுத்தபோது கடவுள் வானத்திலிருந்து மன்னா என்ற உணவைக் கொடுத்தார். தலைக்கு ஓர் ஓமர், ஏறத்தாழ 2 லீற்றர் அளவு. "மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு அதிகமானதுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவானதுமில்லை" என்று அந்த அதிகாரம் சொல்கிறது. நாளைக்கும் இருக்கட்டும் என்று சிலர் ஒளித்துவைத்தார்கள். விடிந்தபோது புழுத்து நாறியது. ஆனால் ஓய்வுநாளுக்கு முதல் நாள் மட்டும் இரண்டு மடங்கு எடுத்துவைக்கச் சொன்னார், அது கெடவில்லை. ஆதியாகமத்தில் யோசேப்பு எகிப்தில் 7 வருஷம் தானியம் சேர்த்தார், பஞ்சத்தில் தேசங்கள் பிழைத்தன. இவற்றுக்கு எதிராக லூக்கா 12இல் ஒரு பணக்காரன் வருகிறான். விளைச்சல் பெருகியதும் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போடுகிறான். அவனுடைய பேச்சு முழுக்க என் விளைச்சல், என் களஞ்சியம், என் ஆத்துமா. அவன் கதையில் பக்கத்து வீட்டார் யாருமே இல்லை. கடவுள் அவனை மதிகேடன் என்கிறார், அந்த இரவே அவன் உயிர் போகிறது.

ஆகவே சீட்டுப் பிடிப்பதும், பிள்ளையின் படிப்புக்கு வங்கியில் போடுவதும், காப்புறுதி எடுப்பதும் அவிசுவாசம் இல்லை. சேர்த்தது இல்லாமற்போனால் நானும் இல்லாமற்போவேன் என்று மனம் நம்பத் தொடங்கும் இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

மன்னாவைப் பற்றிய அந்த வசனம் புதிய ஏற்பாட்டில் மறுபடியும் வருகிறது, வரும் இடம் ஆச்சரியமானது. எருசலேமில் கஷ்டப்படும் விசுவாசிகளுக்காகப் பவுல் காசு சேர்க்கும்போது, கொரிந்து சபைக்கு இதை மேற்கோள் காட்டுகிறார். இப்போது உங்களிடம் மிகுதியாக இருப்பது அவர்களுடைய குறைவுக்கு உதவட்டும், இன்னொரு நாள் அவர்களிடம் இருப்பது உங்களுக்கு உதவும் என்கிறார். வானத்திலிருந்து விழுந்தபோது சமமாக வந்தது, இப்போது சபையார் கைகளின் வழியாகச் சமமாக வேண்டும். மனநிறைவு என்பது ஒருவர் தன் அறைக்குள் இருந்து அனுபவிக்கும் அமைதி மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எனக்குப் போதும் என்று ஒருவர் மெய்யாக உணர்ந்தால், மிச்சம் என்று ஒன்று முதல் தடவையாக அவர் கணக்கில் தெரியவரும். அந்த மிச்சம் யாருக்கு என்ற கேள்வி உடனே வரும்.

யாருக்கு இதைச் சொல்லக்கூடாது

மனநிறைவைப் பற்றிய போதனை தவறாகப் பயன்பட்ட வரலாறு பெரியது. அதனால் இதை மழுப்பாமல் எழுதுகிறேன். கூலி போதாது என்று கேட்பவரிடம் "இருக்கிறதில் திருப்தியாக இரு, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்ல முதலாளிக்கு வேதாகமம் அனுமதி தரவில்லை. யோவான் ஸ்நானகரிடம் போர்ச்சேவகர் வந்து நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, ஒருவரையும் இடுக்கண் செய்யாமல், பொய்க்குற்றம் சாட்டாமல், "உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள்" என்றார். ஆயுதம் வைத்திருந்து மற்றவரிடம் பறித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் 'போதும்' சொல்லப்பட்டது. யாக்கோபு நிருபம் 5ஆம் அதிகாரம் இன்னும் கடுமையானது: வயலில் அறுத்த வேலைக்காரருடைய பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் கூக்குரல் கடவுளின் செவியில் விழுந்திருக்கிறது.

மலையகத் தோட்டத் தொழிலாளர் ஒரு நாள் சம்பளமாக 1,000 ரூபா வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடி, 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அடுத்த ஆண்டே ரூபாவின் பெறுமதி விழுந்தது. அந்தக் குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள் புறக்கோட்டைக் கடைகளில் மூட்டை தூக்குகிறார்கள், நம் தொடர்மாடி வீடுகளில் சமைக்கிறார்கள், துடைக்கிறார்கள். நம் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் சம்பளத்தைக் கூட்டாமல், நாம் மனநிறைவைப் பற்றி ஜெபக்கூட்டம் நடத்தினால் யாக்கோபு நம் வாசலில் நின்று கேள்வி கேட்பார். 'போதும்' என்பது ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லவேண்டிய சொல். இன்னொருவரைப் பார்த்து உனக்கு இது போதும் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கமாக, விசுவாசித்தால் வாகனமும் வீடும் வரும், வராவிட்டால் விசுவாசம் போதாது என்ற போதனையும் இந்த நகரத்தில் கேட்கிறது. வாகனம் கிடைத்தவர் சாட்சி சொல்லி நன்றி செலுத்துவது நல்லதே. கடவுள் "நாம் அநுபவிக்கிறதற்கு" நன்மைகளைக் கொடுக்கிறார் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபமே சொல்கிறது. மாலையில் காலி முகத்திடலில் பிள்ளைகளோடு இறால் வடை சாப்பிட்டுக் கடல்காற்று வாங்குவதும் அவருடைய ஈவுதான். ஆனால் கடவுளின் அன்பைப் பொருளால் அளக்கத் தொடங்கினால், உடம்பில் முள்போல் குத்திய ஒரு வேதனை நீங்கவேண்டும் என்று மூன்று தரம் வேண்டிக்கொண்ட பவுலுக்கு "என் கிருபை உனக்குப்போதும்" என்று வந்த பதிலை எங்கே வைப்பது?

அதே காலி முகத்திடலில்தான் 2015 ஜனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ், யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். கோவாவில் பிறந்த அவர், ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் இலங்கைக்கு வந்தார். தமிழும் சிங்களமும் பேசினார், கண்டியில் உளவாளி என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறையிருந்தார், பெரியம்மை பரவியபோது மற்றவர்கள் விட்டுவிட்டு ஓடிய நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார், 1711இல் கண்டியிலேயே இறந்தார். இன்று அந்தத் திடலுக்கு எதிரே நகரத்தின் பெரிய மோல் ஒன்று நிற்கிறது. அங்கே போகக்கூடாது என்று சொல்லவரவில்லை, நானும் போகிறேன். ஒன்றுமில்லாமல் வந்து இவ்வளவு கொடுத்துவிட்டுப் போக ஒரு மனிதனால் முடிந்திருக்கிறது என்பது அங்கே நடக்கும்போது எனக்கு நினைவில் வரும், வரவேண்டும் என்றே விரும்புகிறேன்.

பழகத் தொடங்குவது

பவுல் கற்றுக்கொண்டார் என்றால் நாமும் பழகித்தான் வரவேண்டும். சபைகள் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்துவந்த பழக்கங்கள் இதற்கு இருக்கின்றன, புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. சாப்பிட முன் நன்றி சொல்வது அதில் மிகச் சாதாரணமானது. பாணும் பருப்பும்தான் இருந்தாலும் அவசரப்படாமல், அதை விளைவித்தவர் சமைத்தவர் பேர் சொல்லி நன்றி சொன்னால், பார்வை இல்லாததிலிருந்து இருப்பதற்குத் திரும்புகிறது. கர்த்தருடைய ஜெபத்தில் நாம் கேட்பதும் இன்றைக்கு வேண்டிய ஆகாரத்தைத்தான்.

ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றுவது இந்த நகரத்தில் கஷ்டமான காரியம். டியூஷன் வகுப்புகள் அந்த நாளையும் எடுத்துக்கொண்டன. பிள்ளை பின்தங்கிவிடும் என்ற பெற்றோரின் பயம் எனக்கு விளங்குகிறது. இருந்தாலும் வாரத்தில் ஒரு நாளாவது உழைப்பையும் ஓட்டத்தையும் நிறுத்திவிட்டு, நான் ஓடாவிட்டாலும் உலகத்தை ஒருவர் நடத்துகிறார் என்று உடம்பால் ஒத்துக்கொள்ளாமல், மனநிறைவை எந்தப் பிரசங்கத்தாலும் கற்க முடியாது என்று நினைக்கிறேன். அரை நாள் என்றாலும் பரவாயில்லை.

அப்புறம் கொடுப்பது. மிஞ்சினால் கொடுப்போம் என்று வைத்தால் ஒருபோதும் மிஞ்சாது. சம்பளம் வந்ததும் ஒரு பங்கை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். எவ்வளவு என்பது உங்களுக்கும் கடவுளுக்கும் நடுவில் இருக்கட்டும். கடனில் இருப்பவர் கடனைத் தீர்ப்பதும் நேர்மையான காரியமே, அவரைக் காணிக்கைக்காக நெருக்கக்கூடாது. தவக்காலத்து 40 நாட்களில் இறைச்சியையோ வேறொன்றையோ விட்டு, அந்தக் காசை இல்லாதவருக்குக் கொடுக்கும் கத்தோலிக்கப் பழக்கத்தைப் புரட்டஸ்தாந்துக்காரரும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒப்பிட்டுப் பார்க்கும் குணம் உடனே போகாது. லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கும் சொந்தங்களின் படங்கள் போனில் வந்துகொண்டேதான் இருக்கும். அந்த நேரத்தில் பொறாமையை மறைத்துக்கொள்ளாமல் ஜெபத்தில் அப்படியே சொல்லிவிடுங்கள். 73ஆம் சங்கீதத்தை எழுதிய ஆசாப், வீம்புக்காரரின் வாழ்வைக் கண்டு பொறாமைப்பட்டேன் என்று கடவுளிடமே சொல்லியிருக்கிறார். பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்வரை அது தன்னை வருத்தியது என்றும் சொல்கிறார். கடைசியில் "பூலோகத்தில் உம்மைத் தவிர எனக்கு வேறே விருப்பமில்லை" என்று சொல்ல அவரால் முடிந்தது.

வாசித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் பிலிப்பியர் நிருபத்தில் தொடங்கலாம். 4 அதிகாரங்கள்தான், வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு நெரிசலில் போகும் பஸ் பயணத்துக்குள் முடித்துவிடலாம். பிறகு எபிரெயர் 10ஐயும் 13ஐயும் ஒன்றாக, யாத்திராகமம் 16, லூக்கா 12, 73ஆம் சங்கீதம். கேள்வி வந்தால் உங்கள் போதகரிடமோ ஃபாதரிடமோ தயங்காமல் கேளுங்கள். காசைப் பற்றி ஆலயத்தில் கேட்பது மரியாதை இல்லை என்று நினைக்கவேண்டாம். இயேசு அதைப் பற்றி வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் பேசினார், தெருவிலும் பேசினார், தேவாலயத்துக் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தும் பேசினார்.